காரைக்குடிப் பின்கோடு 630003: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. கவரின் மேல் முகவரி எழுதி, கடைசி வரியில் காரைக்குடி 630003 என்று போட்டேன். அஞ்சலகத்தில் வரிசை நீளமாக இருந்ததால் கையிலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். இலக்கங்களைக் கூட்டினால் 12, அப்படியானால் 3-ஆல் வகுபடும், வகுத்தால் 210001, அட, இது 11-ஆலும் வகுபடுகிறதே என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து தாளில் முழுதாகப் போட்டுப் பார்த்தபோது கிடைத்தது எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம் தந்தது. 630000 முதல் 630999 வரையுள்ள ஆயிரம் எண்களில் வேறு எதற்கும் இல்லாத ஒரு குணம் இந்த ஒரு எண்ணுக்கு இருக்கிறது. அது என்ன என்று நடுவில் வரும், இப்போதே சொல்லிவிட்டால் அங்கே போய்ச் சேரும் வழி உங்களுக்குப் பழகாது.

பெரிய எண்ணைப் பார்த்தால் என்ன செய்வதென்று தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் போதும். தாள், பேனா, வகுத்துப் பார்க்க போனில் இருக்கும் கால்குலேட்டர், அவ்வளவுதான். 630003-ஐ நான் பிரிக்கிறேன். நீங்கள் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பின்கோடை எழுதிக்கொண்டு அதே படிகளைச் செய்துகொண்டே வாருங்கள், வெறுமனே படித்தால் இது கையில் நிற்காது.

பின்கோடை எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. யாரும் கணக்குக்காகத் தேர்ந்தெடுத்த எண் அல்ல அது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நாட்டில் இந்த முறை வந்தபோது முதல் இலக்கம் மண்டலத்துக்கு, முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்துக்கு, கடைசி மூன்று குறிப்பிட்ட அஞ்சலகத்துக்கு என்று வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. அப்படி நிர்வாக வசதிக்காக வந்து விழுந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் நல்ல பயிற்சி.

முதல் படி: எண் வேறு, எழுத்து வேறு

நம் முறைப்படி காற்புள்ளி போட்டால் 6,30,003. ஆறு லட்சத்து முப்பதாயிரத்து மூன்று. தமிழ் எண்ணுருவில் ௬௩௦௦௦௩.

இங்கேயே ஒரு விஷயத்தை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடியிலிருந்து 630003 கற்கள் வந்து முற்றத்தில் இறங்கியிருக்கின்றன என்று வையுங்கள், பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். அந்தக் குவியலை நீங்கள் தமிழ் எண்ணுருவில் எழுதினாலும் கணினிக்காக வெறும் 0, 1 போட்டு எழுதினாலும் குவியலில் ஒரு கல்கூடக் கூடாது, குறையாது. அதனால் எண்ணின் குணங்களை இரண்டாகப் பிரிக்கலாம். எப்படி எழுதினாலும் மாறாத குணங்கள் ஒரு பக்கம்: சமமான வரிசைகளாகப் பரப்ப முடியுமா, எத்தனை விதமாகப் பரப்பலாம் என்பதெல்லாம். பத்தின் அடுக்கில் எழுதுவதால் மட்டுமே வரும் குணங்கள் இன்னொரு பக்கம்: முன்னும் பின்னும் ஒன்றுபோல் படிக்கிறதா, இலக்கங்களின் கூட்டல் என்ன என்பது போல. இரண்டும் சுவையானவைதான். ஆனால் எண்ணின் எலும்புக்கூடு முதல் வகைதான். இணையத்தில் எண்களைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், புதிதாக வருபவர்களுக்கு எது முக்கியம் என்றே தெரியாமல் போகிறது.

இரண்டாம் படி: வகுக்காமலேயே பார்ப்பது

கடைசி இலக்கம் 3. ஆகவே ஒற்றை எண், 2-ஆல் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. ஒரு நொடி வேலை.

இலக்கக் கூட்டல் 6+3+0+0+0+3 = 12. கூட்டல் 3-ஆல் வகுபட்டால் எண்ணும் 3-ஆல் வகுபடும், கூட்டல் 9-ஆல் வகுபட்டால் எண்ணும் 9-ஆல் வகுபடும். 12 என்பது 3-க்குச் சரி, 9-க்கு இல்லை. ஏன் இப்படி? 10, 100, 1000 எதை எடுத்தாலும் 9-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் 6 லட்சத்தை 9-ஆல் வகுத்து வரும் மீதியும் 6-ஐ வகுத்து வரும் மீதியும் ஒன்றே. எங்கள் ஐயா பேரேட்டில் பெரிய பெருக்கல் வந்தால் ஒன்பது ஒன்பதாகத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்புவார். அது இதே கணக்குதான்.

இந்த இடத்தில் கூட்டெண் பற்றி யாராவது கேட்பார்கள், 1+2 = 3, அதனால் இந்த எண் நல்ல எண்ணா என்று. கணிதத்தில் அந்த 3-க்கு ஒரே பொருள்தான், 630003-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 3. அதற்கு மேல் அந்த இலக்கத்தில் எதையும் தேட வேண்டாம்.

அடுத்து 7, 11, 13. இவற்றுக்குப் பலர் தனித்தனியாக விதி மனப்பாடம் செய்கிறார்கள், தேவையே இல்லை. நம் பக்கம் கல்யாணத்தில் மொய் எழுதும்போது ஆயிரத்தொன்று எழுதுகிறோம் அல்லவா, அந்த 1001 = 7 × 11 × 13. மூன்று பகா எண்களும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இதனால் ஒரு பெரிய வசதி. எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள். 630003 என்றால் 003, 630 என்று இரண்டு துண்டு. 630-லிருந்து 3 போனால் 627. இந்த 627 எதனால் வகுபடுகிறதோ, 7, 11, 13 வரைக்கும், அதனால் 630003-உம் வகுபடும். 627 = 3 × 11 × 19. ஆகவே 11 உண்டு. 7 இல்லை, 13 இல்லை.

ஒரு எச்சரிக்கை. 627-ல் 19 இருக்கிறதே என்று 630003-ஐயும் 19-ஆல் வகுபடும் என எழுதிவிடாதீர்கள். 1001-க்குள் 19 இல்லை, அதனால் இந்த வழி 19-க்குப் பொருந்தாது. வகுத்துப் பாருங்கள், மீதி 1 வரும்.

மூன்றாம் படி: எதுவரை வகுக்க வேண்டும்?

புதிதாக வருபவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். ஆறு லட்சம் வரை வகுத்துக்கொண்டே போக வேண்டுமோ என்று பயம். வேண்டாம். ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால் அவற்றில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது, இரண்டும் தாண்டினால் பெருக்கல் எண்ணையே தாண்டிவிடும். 630003-ன் வர்க்கமூலம் 793-க்கும் 794-க்கும் நடுவில். ஆகவே 793 வரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும், அவை மொத்தம் 138.

அதிலும் இன்னொரு சலுகை. ஒரு காரணி கிடைத்ததும் அதை வகுத்துத் தள்ளிவிடுங்கள், எல்லை தானாகச் சுருங்கும். 630003-ஐ 3-ஆல் வகுத்தால் 210001, எல்லை 458. அதை 11-ஆல் வகுத்தால் 19091, எல்லை 138. மறுபடி 11? இல்லை. 13 ஏற்கெனவே இல்லை என்று தெரியும். 17? 17 × 1123 = 19091, சரியாகப் போகிறது. இப்போது கையில் 1123, எல்லை 33. மறுபடி 17, பிறகு 19, 23, 29, 31 ஆகியவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 1, 2, 19, 21, 7. எதுவும் போகவில்லை. 1123 பகா எண். வேலை முடிந்தது:

630003 = 3 × 11 × 17 × 1123

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும். இதற்கு மேல் வருவதில் பாதி இந்த வரியிலிருந்து நேராக விழும்.

ஆனால் எல்லா எண்ணும் இவ்வளவு சுலபமாக விடாது. பக்கத்து எண்ணான 630001-ஐப் பாருங்கள், அதுவும் காரைக்குடிதான், தலைமை அஞ்சலகத்தின் எண். 3-ஆல் போகாது, 1001 வழியில் 629 வருகிறது, 7, 11, 13 எதுவும் இல்லை. 17, 19, 23 என்று ஒவ்வொன்றாகப் போய் நான் முதல் தடவை 61 வரை வந்து, இனி எதுவும் இருக்காது என்று பகா எண் பட்டியலில் எழுதிவிட்டேன். தவறு. அடுத்த பகா எண் 67, அதில்தான் அது உடைகிறது: 67 × 9403. இந்த 9403 மேலும் உடையாது. 61 என்பது பதினெட்டாவது பகா எண். 138-ல் 18-ஐப் பார்த்துவிட்டு நிறுத்தியது என் குற்றம். எல்லை 793 என்றால் 793 வரை போயே ஆக வேண்டும், அல்லது காரணி கிடைக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் உங்கள் முடிவு ஊகம் மட்டுமே.

630001 போல இரண்டே இரண்டு பகா எண்களின் பெருக்கலாக இருப்பவற்றை அரைப்பகா எண் என்பார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ரகசியத் தகவலைக் காக்க அமைத்த பூட்டு முறை இந்த வகை எண்ணின் மேல்தான் நிற்கிறது, ஆனால் அதில் ஒவ்வொரு பகா எண்ணும் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்டது. பெருக்குவது நொடியில் முடியும், பிரிப்பது முடியாது. உங்களுக்கு 67-ஐத் தேடிப் போன கஷ்டம் நினைவிருந்தால் அந்தப் பூட்டு ஏன் தாங்குகிறது என்பது தானே விளங்கும்.

நான்காம் படி: காரணிகளிலிருந்து வகைப்படுத்துவது

சரி, 3 × 11 × 17 × 1123 கையில் இருக்கிறது. எந்தப் பகா எண்ணும் இரண்டு தடவை வரவில்லை, அதனால் இது வர்க்கக் காரணி இல்லாத எண்.

மொத்தம் எத்தனை வகுத்திகள்? ஒவ்வொரு பகாக் காரணியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், இரண்டு வாய்ப்பு. நான்கு காரணிகள், 2 × 2 × 2 × 2 = 16. ஒரே காரணி பல தடவை வந்தால் அடுக்கோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 630000-ஐ எடுங்கள், அது இரண்டு நான்கு தடவை, மூன்று இரண்டு தடவை, ஐந்து நான்கு தடவை, ஏழு ஒரு தடவை; 5 × 3 × 5 × 2 = 150 வகுத்திகள். மூன்று எண் தள்ளிப் போனதில் 150 என்பது 16 ஆகிவிட்டது. பக்கத்து வீடு என்பதால் குணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

150-ஐயும் மிஞ்சுபவை உண்டு. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைத் தனி வகையாக்கி 1915-ல் ராமானுஜன் நீண்ட ஆய்வுக் கட்டுரையே எழுதினார். நம் எண்ணுக்குக் கீழே அந்த வகையில் 554400 இருக்கிறது, வகுத்திகள் 216. மேலே 665280, வகுத்திகள் 224. நடுவில் நம் 630003, பதினாறோடு அமைதியாக.

கற்களுக்கு வருவோம். 630003 கற்களை மிச்சமில்லாமல் நீள்சதுரமாகப் பரப்ப வேண்டும், வெட்டக் கூடாது. எத்தனை விதம்? பதினாறு வகுத்திகளும் ஜோடி ஜோடியாகச் சேரும், எட்டு விதம். ஒரே வரிசையில் 630003, அல்லது 3 × 210001, 11 × 57273, 17 × 37059, 33 × 19091, 51 × 12353, 187 × 3369, கடைசியாக 561 × 1123. பட்டாலையோ கல்யாணக் கூடமோ என்று பார்க்கும்படியான அளவு கடைசி ஒன்றுதான், அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம், கூட ஒன்று. 561-ன் இரு மடங்கு 1122, ஒன்று கூட்டினால் 1123. இதை அப்படியே நினைவில் வையுங்கள், அடுத்த படி முழுவதும் இதன் மேல்தான்.

வகுத்திகளின் கூட்டலும் சுலபம், ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் போதும்: 4 × 12 × 18 × 1124 = 971136. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 341133. தன் வகுத்திகளின் கூட்டல் தன்னைவிடக் குறைவு, ஆகவே இது குறை எண். சரியாகச் சமமாக வந்தால் நிறைவெண், 6 = 1+2+3 போல; கூடினால் மிகை எண். 630000-க்கு இதே கணக்கைப் போட்டால் 1887944 வருகிறது, எண்ணைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஐந்தாம் படி: வடிவம்

வாசலில் புள்ளிக்கோலம் போடும்போது முதல் வரிசையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் மூன்று என்று வைத்துக்கொண்டே போனால் முக்கோணம் வரும். மொத்தப் புள்ளிகள் 1, 3, 6, 10, 15, 21... இவைதான் முக்கோண எண்கள். இதே அளவில் இரண்டு முக்கோணங்களை, ஒன்றைத் திருப்பி, ஒட்டினால் நீள்சதுரம் ஆகும். அகலத்தைவிட நீளம் ஒன்று அதிகம். அதனால் வரிசை எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கிப் பாதியாக்கினால் முக்கோண எண்.

நம் நீள்சதுரம் 561 × 1123. 561 என்பது 1122-ல் பாதி. அப்படியானால் 630003 என்பது 1122-ஐயும் 1123-ஐயும் பெருக்கி அதில் பாதி! 1-லிருந்து 1122 வரை எல்லா எண்களையும் கூட்டினால் சரியாக 630003. நம் பல்கலைக்கழகத்தின் பின்கோடு ஒரு முக்கோண எண்.

முன்னால் சொன்ன குணம் இதுதான். இதற்கு முந்தைய முக்கோண எண் 628881, அடுத்தது 631126. ஆகவே 630 என்று தொடங்கும் ஆறிலக்க எண்கள் ஆயிரத்திலும் இது ஒன்றே ஒன்று.

காரணிப்படுத்தாமலும் இதைச் சோதிக்கலாம். எண்ணை 8-ஆல் பெருக்கி ஒன்று கூட்டுங்கள், வருவது முழு வர்க்கமாக இருந்தால் அது முக்கோண எண். 630003 × 8 = 5040024, ஒன்று கூட்டினால் 5040025. இதன் வர்க்கமூலத்துக்குக் கால்குலேட்டரே வேண்டாம். 25-ல் முடிகிறது, முன்னால் 50400 நிற்கிறது, அது 224 × 225. ஐந்தில் முடியும் எண்ணை வர்க்கமாக்கப் பள்ளியில் சொல்லித் தந்த வழி அதுதானே, ஆகவே மூலம் 2245. அதில் ஒன்று கழித்துப் பாதியாக்கினால் 1122. இதே சோதனையை 630001-க்குச் செய்தால் 5040009 வரும், 2245-ன் வர்க்கத்துக்குப் பதினாறு குறைவு, தோற்றுவிடும்.

இன்னும் தோண்டலாம். முதல் மூன்று இலக்கம் 630 இருக்கிறதே, அதுவும் முக்கோண எண், 1 முதல் 35 வரை கூட்டினால் வருவது. கடைசி இலக்கம் 3-உம் முக்கோண எண். 561-உம் முக்கோண எண், 1 முதல் 33 வரை. இதில் 630, 3 என்று வெட்டுவது பத்தின் அடுக்கில் எழுதுவதால் வந்த தற்செயல், அதை ரசித்துவிட்டு நகரலாம். 561 அப்படியல்ல, அது எண்ணுக்குள்ளேயே இருக்கும் காரணி. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

561 என்ற ஏமாற்றுக்காரன்

பகா எண்ணா என்று பார்க்க வகுத்துக்கொண்டே போவது தவிர வேறு வழி உண்டா? பிரெஞ்சுக் கணிதவியலர் பெர்மா கண்டுபிடித்த ஒரு உண்மை இருக்கிறது. 7-ஐ எடுங்கள், பகா எண். ஒன்று குறைத்தால் 6. இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64, அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றை ஆறு தடவை பெருக்கினால் 729, 7-ஆல் வகுத்தால் மீதி 1. 7-ன் மடங்காக இல்லாத எதை எடுத்தாலும் இப்படித்தான், எந்தப் பகா எண்ணுக்கும் இப்படித்தான். அப்படியானால் திருப்பிச் சொல்லலாமா? மீதி 1 வந்தால் பகா எண் என்று?

சொல்ல முடியாது, அதற்கு முதல் சாட்சி 561. அது 3 × 11 × 17, பகா எண்ணே அல்ல. ஆனாலும் 3, 11, 17 ஆகியவற்றின் மடங்காக இல்லாத எந்த எண்ணை எடுத்து 560 தடவை பெருக்கி 561-ஆல் வகுத்தாலும் மீதி 1 வருகிறது. காரணம் எளிது. பகாக் காரணி ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்தால் 2, 10, 16. இந்த மூன்றும் 560-ஐ மீதியின்றி வகுக்கின்றன. 1899-ல் கோர்செல்ட் இந்த நிபந்தனையைச் சொன்னார், 1910-ல் ராபர்ட் கார்மைக்கேல் எண்ணையே காட்டினார். இந்த வகைக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர், அவற்றில் மிகச் சிறியது 561. இவை முடிவில்லாமல் உண்டு என்று 1994-ல்தான் நிரூபித்தார்கள். எந்த எண்ணிடமும் ஏமாறாத, அதே சமயம் விரைவான சோதனை ஒன்றை 2002-ல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள்.

630003 கார்மைக்கேல் எண் அல்ல, 1123 சேர்ந்ததும் அந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. ஆனாலும் தினமும் கவரில் எழுதும் எண்ணுக்குள் 561 மறைந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணில் செப்புப் பட்டயம் கிடைத்தது போல இருந்தது.

ஆறாம் படி: கூட்டலாகப் பிரிப்பது

இதுவரை பெருக்கலாகப் பிரித்தோம். கூட்டலாகவும் பிரிக்கலாம். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? ஒற்றை எண்ணை 4-ஆல் வகுத்து மீதி 3 வந்தால் முடியவே முடியாது. கடைசி இரண்டு இலக்கம் 03, மீதி 3, கதவு மூடிவிட்டது. 630001-க்கு மீதி 1, நம்பிக்கை தரும், ஆனால் அதன் காரணிகளான 67, 9403 இரண்டுமே 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை, ஆளுக்கு ஒரு தடவைதான் வருகின்றன, அதனால் அங்கேயும் முடியாது. மூன்று வர்க்கங்கள் என்றால் 630003-க்கு நிச்சயம் உண்டு, 8-ஆல் வகுத்து மீதி 3 வருவதே அதற்குப் போதும். தேடிக் கண்டுபிடிப்பதை உங்களுக்கு விடுகிறேன், மூன்றும் ஒற்றை எண்களின் வர்க்கங்களாகவே இருக்கும் என்பது மட்டும் குறிப்பு.

இந்தக் கூட்டல் கணக்குகளில் நம் மண்ணுக்கு நேரடியாக ஒரு தொடர்பு இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929-ல் பல்கலைக்கழகம் நிறுவினார். அதே ஆண்டு அங்கே விரிவுரையாளராக வந்து 1941 வரை பணியாற்றியவர் எஸ். எஸ். பிள்ளை, குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத வேண்டுமென்றால் அதிகபட்சம் எத்தனை எண் தேவைப்படும் என்ற கேள்விக்கு 73 போதும் என்று 1940-ல் அவர் நிரூபித்தார். ஆறாம் அடுக்கு என்றால் 1, 64, 729, 4096 என்று போகும் எண்கள். 1950-ல் அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். ராமானுஜன் பெயர் தெரிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இவர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அவர் சொன்னதை நம் எண்ணில் போட்டுப் பாருங்கள். 9-ன் ஆறாம் அடுக்கு 531441, அது ஒன்று. மீதியில் 6-ன் ஆறாம் அடுக்கான 46656 இரண்டு. பிறகு 4096 ஒன்று, 729 ஒன்று, 64 ஆறு, கடைசியில் 1 நாற்பத்தொன்று. எண்ணிப் பார்த்தால் 52. எழுபத்து மூன்றுக்குள் வந்துவிட்டோம்.

ஏழாம் படி: எழுத்தில் மட்டும் தெரியும் குணங்கள்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 630003-ஐத் திருப்பிப் படித்தால் 300036, ஆகவே இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் எண் அல்ல. தன் இலக்கக் கூட்டலால் வகுபடும் எண்களைக் கணிதவியலர் கப்ரேகர் ஹர்ஷத் எண்கள் என்றார். நம் எண் ஒற்றை, கூட்டல் 12 இரட்டை, அதனால் வகுபடாது. 630000 அந்த வகையில் சேரும், 9-ஆல் போகும். இலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் 1-ல் முடிகிற எண்ணை மகிழ் எண் என்பார்கள். நம்முடையது 54, 41, 17, 50, 25, 29, 85, 89 என்று போய்ச் சுழலில் மாட்டிக்கொள்கிறது, மகிழ் எண் அல்ல.

இரும முறையில் எழுதினால் மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது: 10011001110011110011. பிரித்துப் பாருங்கள், 1, 00, 11, 00, 111, 00, 1111, 00, 11. பூஜ்யங்கள் எங்கே வந்தாலும் இரண்டிரண்டாக, ஒன்றுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறி முடிவில் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு ஒன்றுகள், பத்தின் முறையில் இலக்கக் கூட்டலும் பன்னிரண்டு. இதற்கு உள்ளே எந்தக் காரணமும் கிடையாது, கோலம் தானாக அமைந்தது போல அமைந்திருக்கிறது.

சரிபார்க்க

தாளில் முடித்த பிறகு கணினியைத் தொடுங்கள், முன்னால் வேண்டாம். லினக்ஸ் கணினியில் ஃபாக்டர் என்ற கட்டளையோடு எண்ணைக் கொடுத்தால் பகாக் காரணிகளை உடனே காட்டும். உங்கள் எண் எந்தெந்த வகையில் சேரும் என்று தேட, நீல் ஸ்லோன் 1964-ல் சேகரிக்கத் தொடங்கிய முழு எண் வரிசைகளின் கலைக்களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது, முக்கோண எண்கள் அங்கே ஏ000217 என்ற எண்ணில். அதில் கிடைப்பதை எல்லாம் எழுதி அடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது காரணியிலிருந்து வருகிறதா, வடிவத்திலிருந்தா, வெறும் எழுத்திலிருந்தா என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

பயிற்சிக்குத் தேவகோட்டையை எடுங்கள், 630302. இரட்டை எண், முதலில் 2 கழன்றுவிடும், கையில் 315151. இலக்கக் கூட்டல் 16, 3 இல்லை. 1001 வழியில் 315-லிருந்து 151 போனால் 164, ஆகவே 7, 11, 13 இல்லை. 17-லிருந்து தொடங்குங்கள். எல்லை எது என்று வர்க்கமூலம் போட்டுப் பார்த்தேன், 561-ஐச் சற்றுத் தாண்டுகிறது. 561 பகா எண் அல்ல என்பது இப்போது உங்களுக்கே தெரியும், அதனால் கடைசியாக வகுத்துப் பார்க்க வேண்டிய எண் 557.